மருளும் குதிரை

போட்டிக்கென்றே வளர்க்கப்பட்ட உயர்ஜாதிக் குதிரையொன்று, மைதானத்து ஓரத்தில் ஒரு துணித் துண்டு காற்றில் படபடப்பதைக் கண்டு உடம்பெல்லாம் வியர்த்து நடுங்குவதைப் பார்ப்பவர்கள், இவ்வளவு பலம் வாய்ந்த பிராணிக்கு இத்தனை பயமா என்று ஆச்சரியப்படுகிறார்கள். ஆனால் திறந்த புல்வெளிகளில் மேய்ந்து, துஷ்ட மிருகங்களிடமிருந்து ஓடித் தப்பியே வமிசத்தைக் காத்துவந்த ஜந்துவுக்கு அந்தப் பயமே ரக்ஷையாக இருந்து வந்திருக்கிறது. தலையின் இரு பக்கங்களிலும் அமைந்த கண்கள், நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் உள்ள சிறு பகுதிகள் நீங்கலாக, சுற்றுப்புறம் முழுவதையும் ஒரே சமயத்தில் கவனிக்கின்றன. ஓய்வில் நிமிஷத்திற்குச் சுமார் 30 முதல் 40 தடவை துடிக்கும் இருதயம், பாய்ந்தோடும்போது 200-ஐத் தாண்டிவிடும். இத்தகைய தேக அமைப்பை அதட்டியோ அடித்தோ மாற்றிவிட முடியுமென்று நினைப்பது வீண்.

இதைக் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே உணர்ந்தவர் கிரேக்க தேசத்துப் படைவீரரும் நூலாசிரியருமான ஜெனஃபன். கோபத்தோடு குதிரையிடம் நெருங்கவே கூடாது என்று அவர் விதித்தார். குதிரை ஒரு பொருளைக் கண்டு மிரளும்போது அடித்தால், அடியின் வலிக்கும் அந்தப் பொருளே காரணமென்று அது எண்ணிக்கொள்ளும். ஆதலால் ஏறுபவன் தானே முன்சென்று அதைத் தொட்டுக் காட்டி, பிறகு குதிரையை மெல்ல அருகில் அழைத்துப் போக வேண்டுமென்றார்.

அவர் வகுத்த இந்த வழியை, அவர் நூலைப் படித்தோ படியாமலோ, பூரணமாக அனுஷ்டித்துக் காட்டியவர் அமெரிக்கப் பயிற்சியாளர் டாம் ஸ்மித். 1936-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் சார்லஸ் ஹவர்ட் என்பவர் 8,000 டாலர் கொடுத்து வாங்கிய சீபிஸ்கட் என்னும் குதிரை, இரண்டு வயதிலேயே 35 பந்தயங்களில் ஓட்டப்பட்டுச் சலித்துப்போயிருந்தது. சேணத்தைக் கண்டாலே வியர்த்துக் கொட்டும், தீனியைச் சரியாகத் தின்னாது, லாயத்துக்குள் இடைவிடாமல் வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். ஸ்மித் அதன்மீது சாட்டையைப் பிரயோகிக்கவில்லை. முதலில் அதற்கு ஒரு துணையைத் தேடினார். அக்காலத்துப் பந்தய லாயங்களில், சஞ்சலம் மிகுந்த குதிரைகளோடு ஓர் ஆட்டைக் கட்டுவது வழக்கம். அப்படிக் கட்டிய ஆட்டைச் சீபிஸ்கட் பல்லால் கவ்வி உலுக்கி வெளியே எறிந்துவிட்டது. மனந்தளராத ஸ்மித், வாழ்நாளெல்லாம் மாட்டு மந்தைகளுக்கிடையே உழைத்து, எதற்கும் அலட்டிக்கொள்ளாத சுபாவம் பெற்றிருந்த பம்ப்கின் என்னும் வயது முதிர்ந்த மஞ்சள் நிறக் குதிரையைக் கொண்டுவந்து, இரண்டு அறைகளுக்கும் நடுவிலிருந்த தடுப்பையும் எடுத்துவிட்டார். அதன் சகவாசம் ஏற்பட்ட பிறகு சீபிஸ்கட் படிப்படியாகத் தின்னவும் படுத்துறங்கவும் கற்றது. தெருநாய் ஒன்றும் சிறு குரங்கு ஒன்றும்கூட அந்த லாயத்துக் குடும்பத்தில் சேர்ந்துகொண்டன. பந்தயங்களுக்காக ரயிலேறிப் போனபோதெல்லாம் பம்ப்கினும் உடன் சென்றது.

1938 நவம்பர் 1-ஆம் தேதி பிம்லிகோ மைதானத்தில், முந்திய வருஷத்து மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றிருந்த வார் அட்மிரலுக்கும் சீபிஸ்கட்டுக்கும் நேர்ப் போட்டி நடந்தது. வார் அட்மிரல் புறப்பாட்டுக் கதவை அண்டவே வெறுக்கும் குதிரையாதலால் கதவில்லாமல் மணியோசையில் புறப்படுவதென்று ஏற்பாடாயிற்று. அந்த ஓசை தம் குதிரைக்கு அதிர்ச்சியாக இராதபடி ஸ்மித் தாமே ஒரு மணியைத் தயாரித்து, அதைக் கேட்டவுடன் பாயுமாறு முன்னரே பழக்கிவைத்திருந்தார். சீபிஸ்கட் முதலடியிலேயே முந்திச் சென்று நான்கு குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தது.

துணையின் மகிமைக்குப் பிற்காலத்து விஞ்ஞானமும் சாட்சி சொல்கிறது. குதிரைகள் ஒன்றையொன்று கழுத்தடியில் மெல்லக் கடித்துச் சொறிந்துகொள்ளும் இடத்தில் மனிதர் கையால் சொறிந்தால், அவற்றின் இருதயத் துடிப்பு குறைவதை 1993-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. இதைவிட என் மனத்தைக் கவர்ந்தது 2009-இல் ஸ்வீடன் தேசத்தார் வெளியிட்ட பரிசோதனை. குதிரையைப் பிடித்து நடத்துபவரிடமும் ஏறிச் செல்பவரிடமும், நான்காவது முறை கடக்கும்போது ஒரு குடை திடீரென்று விரிக்கப்படும் என்று சொல்லிவைத்தார்கள்; குடை விரிக்கப்படவேயில்லை. ஆயினும் அந்த நான்காம் முறையில் மனிதருடைய துடிப்பு மாத்திரமின்றி, குடையைப் பற்றி ஏதும் அறியாத குதிரையின் துடிப்பும் ஏறிற்று. போட்டி நாளன்று அவகாசம் இருக்கும்போதே மைதானத்துக்கு வந்து, குதிரையைச் சுற்றிலும் நடத்திக் காட்டி, தம் மூச்சையும் நிதானப்படுத்திக்கொள்ளும் வீரர் பாதி வேலையை முடித்துவிடுகிறார்.

பொறுமையில்லாதவர்கள் மருந்தை நாடுவதுண்டு. மயக்கமூட்டும் மருந்துகளுடன் குதிரைகளைப் போட்டியில் இறக்குவதைச் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் தடை செய்திருக்கிறது. 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தடைதாண்டும் போட்டியில் தங்கம் வென்ற அயர்லாந்து வீரரின் குதிரை ரத்தத்தில், மனிதரின் மனநோய்க்கு வழங்கப்படும் மருந்துகள் காணப்பட்டன. வேண்டுமென்றே ஏமாற்றவில்லை என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்பும் அவருடைய பதக்கம் பறிக்கப்பட்டது. அந்தக் கண்டிப்பு முற்றிலும் நியாயமானது. ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்ட தடையை நோக்கி ஓடிவரும் குதிரை அறிவு மங்கிய நிலையில் உயரத்தைத் தப்பாகக் கணித்துவிட்டால், குதிரையோடு மனிதனும் தலைகுப்புற விழவேண்டியதுதான்.