முதுமையிற் பிரெஞ்சு மொழி கற்றல்

கற்றற்குரிய பருவம் இளமையே என்பது நம்மவருட் பலர் கொண்ட கருத்து. சேவையினின்றும் இளைப்பாறிய ஒருவர் மீண்டும் கொப்பியும் பேனாவுமாய் வகுப்பிலே சென்றமர்ந்தால், வியப்பாரும் உளர், நகைப்பாரும் உளர். ஆயினும், இளைப்பாறியபின் பிரான்சு நாட்டுக்குச் சென்று, சில வாரம் அங்குத் தங்கிப் பிரெஞ்சு மொழியைக் கற்கும் வழக்கம் மேலைநாட்டாரிடை இன்று நன்கு பரவியுள்ளது. நம் கல்லூரியிலே நெடுங்காலம் கணிதம் கற்பித்து இளைப்பாறிய பெரியார் ஒருவரும் அவ்வாறு கற்று மீண்டுள்ளார். அவர் எமக்குக் கூறியவற்றைத் துணையாகக் கொண்டு, இக்கல்விமுறையின் இயல்பை ஈண்டு விளக்க முயல்வாம்.

இம்முறையை 'மொழியிலே தோய்ந்து கற்றல்' எனலாம். துணியைச் சாயத்திலே தொட்டெடுத்தால் நிறம் பிடியாது, ஊறவிடல் வேண்டும். காலையில் வகுப்பிலே கற்ற சொல்லை நண்பகலிற் கடைத்தெருவிற் கேட்டு, இரவில் உணவு மேசையில் அதனையே தாமும் பேசும்போது அச்சொல் நெஞ்சிற் பதிகின்றது. இதற்கென அமைந்த கல்விநிலையங்கள் பிரான்சிற் பல உள. லுவார் ஆற்றங்கரையிலுள்ள தூர் நகரத்துத் துரேன் நிலையம் 1912 ஆம் ஆண்டிலே நிறுவப்பெற்றது. விஷி நகரத்துக் காவிலாம் நிலையம் 1964 இலே தோன்றியது. ஐம்பது வயதைக் கடந்தோர்க்கெனத் தனி வகுப்பு நடத்தும் பள்ளிகளும் உள. முதல் நாளிலே தேர்வொன்று வைத்து, மாணவரின் தரம் அறிந்து வகுப்பிற் சேர்ப்பர். ஐரோப்பிய மன்றம் 2001 இல் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையான ஆறு படிநிலைகளே இதற்கு அளவுகோல். விரும்புவோர் 'டெல்ஃப்' என்னும் பரீட்சைக்கும் தோற்றலாம். அதற்கு வயதெல்லை மேற்பக்கம் இல்லை. பெற்ற சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும்.

ஆயின், பிரான்சு மண்ணை மிதித்த அளவிலே பிரெஞ்சு மொழி வந்துவிடுமோ? வாராது என்பதற்கு நம் பெரியாரே சான்று. 1983 ஆம் ஆண்டின் பின்னர் நம்மவர் பலர் பிரான்சிற் குடியேறினர். அவருடைய மகளும் பாரிசு நகரின் புறத்தே வாழ்கின்றார். பெரியார் இருமுறை அங்குச் சென்று, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார். வீட்டிலே தமிழ், தொலைக்காட்சியிலே தமிழ், லா சப்பல் கடைவீதிக்குச் சென்றால் அங்கும் தமிழ். வணக்கத்துக்கும் நன்றிக்கும் உரிய இரு சொற்களன்றி வேறெதனையும் அவர் கற்றாரல்லர். பிரான்சிலே இருத்தல் வேறு, பிரெஞ்சிலே இருத்தல் வேறு என்பது அப்போதுதான் அவர்க்குப் புலனாயிற்று.

இரண்டாம் முறை சென்றிருந்தபோது, எட்டு வயதுப் பேரன் ஒருநாள் மாலை பாடசாலையினின்றும் ஓடி வந்து, "அம்மப்பா!" என்று அழைத்து, அன்று நிகழ்ந்த ஏதோ ஒன்றைப் பிரெஞ்சிலே ஆர்வத்தோடு சொல்லத் தொடங்கினான். அவன் அறிந்த தமிழ்ச் சொற்கள் மிகச் சில. பெரியார் தலையசைத்துக் கொண்டிருந்தார். சிறிது நேரத்தில், கேட்பவர்க்கு ஒன்றும் விளங்கவில்லை என்பதை உணர்ந்த சிறுவன், கதையைப் பாதியிலே நிறுத்தி எழுந்து சென்றுவிட்டான். அந்தப் பாதிக் கதையே தம்மை மீண்டும் மாணவனாக்கியது என்பார் பெரியார். மூன்றாம் முறை சென்றபோது மகள் வீட்டிலே தங்காது, முதல் நான்கு வாரமும் தூர் நகரிலே ஒரு பிரெஞ்சு மூதாட்டியின் இல்லத்திற் கட்டணம் செலுத்தித் தங்கி, நாள்தோறும் காலை வகுப்புக்குச் சென்றார்.

பிரெஞ்சு மொழியிலே தமிழறிந்தார்க்கு எளியனவும் உள, அரியனவும் உள. நீ என்றும் நீங்கள் என்றும் நாம் வேறுபடுத்துவது போல, அவர்களும் 'துய்', 'வூ' என இருவகையாய் விளிப்பர். எவரை எவ்வாறு விளித்தல் தகும் என்பது நம்மவர்க்குச் சொல்லாமலே விளங்கும். புணர்ச்சி விதிகளும் நமக்குப் புதியனவல்ல. 'லே' என ஒலிக்கும் சொல்லின் ஈற்றிலே எழுதப்பட்டும் ஒலியாத மெய், 'அமி' என்னும் உயிர்முதற் சொல் வருங்கால் உயிர்பெற்று 'லேஸமி' என ஒலிக்கும். நிலைமொழி, வருமொழி கற்ற மாணவன் இதனைக் கண்டு மருளான். ஆயின், பால் பாகுபாட்டிலே இடர்ப்பாடு உண்டு. நமக்குப் பொருள் நோக்கியே பால் அமையும். அவர்க்கோ மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். காரணம் தேடுதல் வீண். சொல்லோடு சேர்த்தே மனனம் செய்தல் வேண்டும்.

முதுமைக்கென உள்ள தடைகளையும் மறைத்தலாகாது. வயது ஏற ஏறச் செவியானது உயர்ந்த ஒலிகளை நுண்ணிதாய்ப் பிரித்தறியும் ஆற்றல் குன்றும். பலர் ஒருங்கே பேசும் இடத்திலே இக்குறை மிகும். புதிய சொல் நினைவில் நிற்றற்கும், வேண்டும்போது நாவில் வருதற்கும் கூடிய நேரம் செல்லும். ஆயின், இவற்றுக்கெல்லாம் பெரிய தடை நாணமே. நாற்பது ஆண்டு பிறரைத் திருத்தியவர், தாம் திருத்தப்படுதலைப் பொறுத்தல் எளிதன்று.

ஒருநாட் சந்தையிலே பெரியார் ஒரு கட்டு முள்ளங்கியின் விலையைக் கேட்டார். பிரெஞ்சிலே எண்பது என்பதை 'நான்கு இருபது' என்றே சொல்வர். நாலிருபது எண்பது என்பது கணக்கு. கடைக்காரி கூறியது 80 சதம். பெரியார் செவியில் விழுந்தது நான்கும் இருபதும். அவர் நான்கு யூரோவும் இருபது சதமும் எண்ணிக் கொடுத்தார். அவள் நகைத்து, 3 யூரோ 40 சதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். நின்றவரும் நகைத்தனர். கணித ஆசிரியர்க்குக் கணக்குப் பிழைத்தது! அன்றிரவு, மறுநாளே பாரிசுக்குத் திரும்பிவிடலாம் என எண்ணினாராம். வீட்டு மூதாட்டியோ நிகழ்ந்ததை அவர் வாயாலேயே பிரெஞ்சிற் சொல்லுமாறு கேட்டு, பிழை நேர்ந்த இடமெல்லாம் திருத்தி, முழுக் கதையையும் மூன்று முறை சொல்வித்தார். அடுத்த சந்தை நாளிலே பெரியார் அதே கடைக்குச் சென்று, முதலில் வணக்கம் கூறி, விலை கேட்டுச் சரியாகக் கொடுத்தார். அதன்பின் எண்பதை அவர் மறந்ததில்லை.

இவ்வாறு கற்க விழைவார்க்குச் சில கூறுவாம். புறப்படுமுன் சில மாதமாயினும் அடிப்படையைக் கற்றுச் செல்க. 1883 இலே பாரிசிலே தோன்றிய அலியான்ஸ் பிரான்சேஸ் என்னும் சங்கத்தின் வகுப்புகள் கொழும்பிலும் நடைபெறுகின்றன. ஹோட்டலை விடுத்துக் குடும்பத்தாரோடு தங்குக. பெருநகரினும் சிறுநகரே நன்று. அங்குப் பேசுதற்கு மக்களுக்கு நேரம் உண்டு. தம் மொழியினரோடே ஒட்டித் திரியாதிருக்க. குறுங்கால விசா, 180 நாட்களுள் 90 நாட்களுக்கு மேல் தங்க இடந்தராது. அதற்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். பிற்பகலில் ஓய்வு கொள்க. களைத்த செவி எம்மொழியையும் கேளாது.

நான்கு வாரத்திலே பெரியார் பிரெஞ்சிற் புலமை பெற்றாரோ எனின், இல்லை. விலை கேட்கவும், வழி கேட்கவும், தம் ஊரைப்பற்றிச் சில வாக்கியம் சொல்லவும் கற்றார், அவ்வளவே. ஆயினும், மகள் வீட்டுக்குத் திரும்பிய அன்று, பாடசாலையில் என்ன நிகழ்ந்தது எனப் பேரனைப் பிரெஞ்சிலே கேட்டார். கேள்வியிலும் ஒரு பிழை இருந்தது. சிறுவன் சிரித்துத் திருத்தினான்; பின் கதை சொன்னான். பாதி விளங்கிற்று, மறுபாதியை மீண்டும் சொல்லச் சொன்னார். சில நாட் கழித்து, அச்சிறுவன் தானாகவே தமிழிலே ஒரு வாக்கியம் சொல்ல முயன்றான். அதிலும் பிழை இருந்தது. ஆனால் அவன் நாணவில்லை. பிழையோடு பேசலாம் என்பதை அம்மப்பாவிடம் அவன் கண்டுகொண்டானன்றோ!

இளைப்பாறிய பழைய மாணவர்கள் இதனைச் சிந்திப்பாராக. இன்று வகுப்பிலிருக்கும் மாணவரும், வாய் திறந்தாற் பிழை வருமென்று அஞ்சி வாளாவிருத்தலை விடுவாராக. பேசாத நாவைத் திருத்துதல் எந்த ஆசிரியர்க்கும் இயலாது.