நீரும் நுண்துகளும்

பெரியபாளையத்தின் ஆரணியாற்றங்கரை வயல்களில் தெளிக்கும் பூச்சிமருந்து மழைநீரோடு கிணற்றைச் சேரவும் கூடும். அவற்றுட் சில, உடலின் சுரப்பிகளது இயக்கத்தையே குலைக்க வல்லவை. எண்டோசல்பான் அத்தகையது, 2011-இல் உச்ச நீதிமன்றம் அதனைத் தடை செய்தது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பும் அவர்தம் மாணவரும் இதற்கொரு வழி கண்டனர். மயிரிழையின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் சிறிய வெள்ளித் துகள், கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற நச்சுப் பொருள்களைச் சிதைத்து, வெள்ளிக் குளோரைடும் கரியுமாக்கிவிடுகிறது. பொன் நுண்துகளோ எண்டோசல்பானைத் தன்மேல் பற்றிக்கொள்கிறது. இவ்வாராய்ச்சிகள் 2003-இல் வெளியாயின. உலோக நுண்துகள் கொண்ட வீட்டு வடிகட்டி 2007-இல் விற்பனைக்கு வந்தது.

எனினும் துகளின் ஆற்றலுக்கு எல்லையுண்டு. வடிகட்டி குடத்து நீரைக் காக்கும், ஆற்றைக் காவாது. ஆதலின் உழவர் தெளிப்பானையும் நெசவாளர் சாயப் பாத்திரத்தையும் நீர்நிலையில் கழுவாதிருத்தல் சங்க உறுப்பினர் யாவர்க்கும் கடமையாகும்.