கரிசல் மண்ணில் பூட்டுண்ட மணிச்சத்தும் அதைத் திறக்கும் நொதிகளும்

வெம்பக்கோட்டை வட்டத்தைச் சார்ந்த தாயில்பட்டியிலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும் வானம் பார்த்த கரிசற் காடுகள் மிகுதி. பட்டாசுச் சாலைகள் பெருகியுள்ள இப்பகுதியில் வயல் வேலைக்குக் கூலியாட்கள் கிடைப்பது அருமை. ஆகையால் சாகுபடிச் செலவில் ஒரு ரூபாயும் வீண்போகலாகாது. அவ்விதம் வீண்போகும் செலவுகளில் மணிச்சத்து உரச் செலவு முக்கியமானது.

சூப்பர் பாஸ்பேட், டி.ஏ.பி. முதலிய உரங்களிலுள்ள மணிச்சத்தில், முதற் பருவத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் காற்பங்கிற்கும் குறைவே. சுண்ணாம்பு கலந்த கரிசலில் எஞ்சியதில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்துடன் கூடி, நீரிற் கரையாத பொருளாகிவிடுகிறது. மற்றொரு பகுதி மக்கிய இலைதழைகளிலும் எருவிலும் அங்ககப் பொருளாகக் கட்டுண்டு கிடக்கிறது. இவ்வுரங்களுக்கு வேண்டிய மூலப்பொருள்களில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து வருவது என்பதை நோக்கின், நம் நிலத்திலேயே முடங்கிக் கிடக்கும் இச்செல்வத்தின் அருமை விளங்கும்.

இவ்விரு பூட்டுகளுக்கும் இரு திறவுகோல்கள் உண்டு. மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள், சர்க்கரைப் பொருளைக் குளுக்கோனிக் அமிலமாக மாற்றும் நொதி ஒன்றை உடையன. அவ்வமிலம் சுண்ணாம்பிற் சிக்கிய மணிச்சத்தைக் கரைக்கின்றது. பாஸ்பட்டேஸ் என்னும் வேறு நொதியோ, அங்ககப் பொருளிலிருந்து மணிச்சத்தைத் துண்டித்து வேர்களுக்கு அளிக்கின்றது.

நொதி என்பது ஒரு புரதம். நீண்ட சரம் போன்ற அது குறித்த வடிவில் மடிந்தால்தான் தன் வேலையைச் செய்யும். எவ்வாறெல்லாம் மடியக்கூடும் என்பதைக் கணக்கிட்டு, 1963-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் ஒரு வரைபடத்தை வெளியிட்டனர். இன்றும் எந்தப் புரதத்தின் வடிவம் சரியானதா என்று பார்ப்பதற்கும் அவ்வரைபடமே உரைகல். ஆல்பாபோல்டு என்னும் கணிப்பொறி முறை 2022-ஆம் ஆண்டிற்குள் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் வடிவங்களைக் கணித்து வெளியிட்டது. அதற்காக டெமிஸ் ஹஸாபிஸ், ஜான் ஜம்பர் ஆகிய இருவரும் 2024-இல் ரசாயன நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

இக்கணக்கிற்கும் ஓர் எல்லை உண்டு. நம் குடியானவர்கள் விதை நேர்த்திக்குப் பயன்படுத்தும் சூடோமோனாஸ் புளூரசன்ஸ் என்னும் பாக்டீரியாவிலும் பாஸ்பட்டேஸ் நொதி ஒன்று உண்டு. அதன் மையத்தில் இரும்பும் கால்சியமும் இணைந்திருப்பதை 2014-இல் விஞ்ஞானிகள் பரிசோதனையினாலேயே கண்டனர். கணித்து வெளியிட்ட அவ்வடிவத் தொகுப்பில் உலோகங்கள் இடம்பெறவில்லை. வடிவம் தெரிந்தமை மட்டும் போதாது. அவ்வாறே, பொட்டலத்தில் நல்ல பாக்டீரியா இருப்பது மட்டும் போதாது. அதற்கு எருவும் ஈரமும் வேண்டும். கரிசலிலுள்ள சுண்ணாம்போ பாக்டீரியா சுரக்கும் அமிலத்தை முறித்துவிட வல்லது. ஆகவே கணக்கும் ஆய்வுக்கூடமும் வழி காட்டும். தீர்ப்புச் சொல்ல வேண்டியது நம் நிலமே.

பாஸ்போபாக்டீரியாவை இடும் முறை வருமாறு. விதை நேர்த்திக்கு ஹெக்டேருக்கு 200 கிராம் பொட்டலம் 3 வீதம் ஆறிய அரிசிக் கஞ்சியிற் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். நிலத்தில் இடுவதாயின் ஏக்கருக்கு 4 பொட்டலத்தை, 10 கிலோ மக்கிய தொழுவெருவும் 10 கிலோ மண்ணும் சேர்த்துக் கலந்து, ஈரமுள்ளபோது தூவுதல் நலம். காலாவதித் தேதியைப் பார்த்தே வாங்குக. வெயிலில் வைக்கற்க. பூஞ்சாண மருந்துடனும் ரசாயன உரத்துடனும் கலத்தலாகாது. திரவமாக வாங்குவோர் அதன் சீட்டிலுள்ள அளவையே கைக்கொள்க.

முதலாண்டிலேயே உரத்தைக் குறைத்துவிடுதல் விவேகமன்று. மண்ணைப் பரிசோதித்து மண்வள அட்டை பெற்றபின், ஒரே வயலில் மூன்று பட்டைகள் வகுத்துக்கொள்க. முதற் பட்டைக்கு மணிச்சத்து உரம் முழுவதும். இரண்டாவதற்கு அதனோடு பாக்டீரியா. மூன்றாவதற்குக் காற்பங்கு குறைத்த உரமும் பாக்டீரியாவும். தொழுவெரு மூன்றிற்கும் சமமாக இருத்தல் வேண்டும். அறுவடையில் ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்துக் குறித்து வைக்கவும். மூன்றாம் பட்டை முதற் பட்டைக்குக் குறையாமல் இரண்டு பருவங்கள் விளைந்தால், உரத்தைக் குறைக்கலாம். குறைந்து விளைந்தால், முன்போலவே இடுவது நலம்.

கிராம அதிகாரிகள் ஊருக்கு ஒரு வயலிலாவது இச்சோதனை நடைபெறச் செய்து, அடங்கலைப் போலவே அதன் எடைக் கணக்கையும் பதிந்து வைப்பார்களாயின், அடுத்த பருவத்தில் உரம் வாங்கும்முன் ஊரார் அனைவருக்கும் அது பெரிதும் உதவும்.