தூரமும் காலமும்: திருச்சிராப்பள்ளி – பலாபத்வல வழி குறித்து ஒரு நோக்கு

இரு நகரங்களுக்கிடையிலான தூரம் மாறுவதில்லை. அதைக் கடக்கும் காலமோ வரலாற்றுக்கும் பயணியின் வர்க்க நிலைக்கும் ஏற்ப மாறுகின்றது. மாத்தளைக்குச் சற்று வடக்கே, கண்டி – யாழ்ப்பாணம் நெடுஞ்சாலையில் அமைந்த பலாபத்வல இதற்குச் சிறந்த சான்றாகும்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து கட்டுநாயக்க வரையான வான்வழித் தூரம் ஏறத்தாழ 420 கிலோமீற்றர். மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் விமானத்திற்கு அரைமணி நேரமே போதும் எனத் தோன்றும். ஆயினும் ஓடுபாதையில் நகர்தல், மேலெழுதல், தாழ்ந்திறங்குதல் ஆகியவற்றுக்குரிய நேரமும் சேர்வதால் பயணம் சுமார் ஒரு மணியாகின்றது. கட்டுநாயக்கவிலிருந்து இலண்டன் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். அதாவது இருபது மடங்கு தூரம். பயண நேரமோ சுமார் பதினொரு மணி மட்டுமே. நெடும்பயணத்தில் பெரும்பகுதி உச்ச வேகத்திலேயே கழிவதே இதன் காரணம். மேலும், கட்டுநாயக்கவிலிருந்து பலாபத்வலவை அடையும் தரைவழிப் பயணம் அந்த ஒரு மணி விமானப் பயணத்தைவிட நீண்டதாகும்.

இனி, பத்தொன்பதாம் நூற்றாண்டை நோக்குவோம். கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர், தம் ஊரிலிருந்து கால்நடையாகக் கடற்கரையை அடைந்து, தோணியில் மன்னார்க் கரை சேர்ந்தனர். பின்னர் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து மாத்தளையை அடைந்தனர். இன்றைய சாலைக் கணக்கில் மன்னார் – மாத்தளைத் தூரம் சுமார் 200 கிலோமீற்றர். பெண்டிர் பிள்ளைகளுடன் நாளொன்றுக்கு 20 கிலோமீற்றர் நடந்ததாகக் கொண்டால், இப்பகுதிக்கு மட்டும் பத்து நாட்கள் வேண்டும். திருச்சிராப்பள்ளியிலிருந்து இராமேசுவரம் வரையான நடையையும் சேர்த்தால் மூன்று வாரங்களுக்கு மேலாகும். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். அவர்களைப் பொறுத்தவரை இப்பயணம் முடிவடையவேயில்லை.

1914 இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்க் கப்பற் சேவையும் வந்தபின் வழி சுருங்கியது. ஆயினும் தொற்றுநோய்த் தடுப்பின் பெயரால் தொழிலாளர் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் நிறுத்தப்பட்டனர். வாகனம் விரைந்தது, அதிற் செல்வோரோ காத்திருந்தனர்.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இக்காத்திருப்பைப் பல பதின்மங்களுக்கு நீட்டியது. நாடற்றவருக்குக் கடவுச்சீட்டில்லை, கடவுச்சீட்டில்லாதவருக்கு ஒரு மணி நேர விமானமும் எட்டாத் தொலைவே. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல இலட்சம் பேர், மூதாதையர் வந்த கடலைக் கடந்து, மீளாப் பயணமாக அனுப்பப்பட்டனர். எஞ்சிய நாடற்றோருக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டமே குடியுரிமைக்கு வழி திறந்தது.

எனவே, விமான அட்டவணை தரும் பயண நேரம் இயந்திரத்தின் கணக்கு மட்டுமே. உழைக்கும் மக்களின் பயணக் காலத்தை அளக்க, கூலியையும் சட்டத்தையும் உரிமையையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.