ஒட்டகம் போய் பனைமரம் வந்தது!

‘‘என்ன மாப்ளே, சீர்வரிசைக்குத் தலையணை உறை ரெடியாகுதா?’’

மத்தியானம் டிபன் பாக்ஸை எடுக்கப் பையைத் திறந்தேன். உள்ளே இருந்த எம்பிராய்டரி வளையம் உருண்டு வெளியே விழுந்துவிட்டது. அவ்வளவுதான்! அக்கவுண்ட்ஸ் செக்ஷன் மொத்தமும் சிரித்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. ஆபீஸ் பையன்கூட டீ கொடுக்கும்போது, ‘‘சார், எனக்கு ஒரு கர்ச்சீப்...’’ என்றான்.

ராத்திரி தூக்கம் வராமல் செல்போனை நோண்டிக்கொண்டு கிடந்தவன் நான். அக்காதான் அதைப் பிடுங்கிவிட்டு, ‘‘இதைப் பிடி, தானா தூக்கம் வரும்’’ என்று ஊசியும் நூலும் கையில் திணித்தாள். தூக்கம் வந்ததோ இல்லையோ, பைத்தியம் பிடித்துவிட்டது.

கிண்டல் செய்தவர்களுக்கு நானும் பதில் வைத்திருந்தேன். கட்ச் அரச குடும்பத்துக்குப் பூவேலை செய்தவர்கள் ‘மோச்சி’ இனத்து ஆண்கள். செருப்புத் தைக்கிற ஊசியிலிருந்து பிறந்ததுதான் இன்று கல்யாண ஜாக்கெட்டில் பளபளக்கும் ஆரி வேலை. காஷ்மீர் சால்வையில் கண்ணுக்கே தெரியாமல் ஊசி ஓட்டும் ‘சோஸ்னி’ கலைஞர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தான்.

இன்னொருத்தர் கதை இன்னும் பிரமாதம். அலெக்ஸிஸ் காஸ்டாக்லி என்கிற ஆங்கிலேய மேஜர் 1941-ல் ஜெர்மானியர்களிடம் கைதியாக மாட்டிக்கொண்டார். சும்மா இருக்கவில்லை மனுஷர், துணியில் தையல் போட்டார். ஓரத்தில் புள்ளியும் கோடுமாக அழகான பார்டர். ஜெர்மானியர்கள் மெச்சி, அதைக் காட்சிக்கே வைத்தார்கள். அந்தப் புள்ளியும் கோடும் மோர்ஸ் தந்தி பாஷை என்பதும், அதில் இருந்தது ஹிட்லருக்குப் பச்சையான வசவு என்பதும் அவர்களுக்குத் தெரியவே தெரியாது!

‘‘இப்ப சொல்லுங்க சார், இது பொம்பளைங்க சமாசாரமா?’’ என்றேன். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் தைக்க எடுத்துக்கொண்டது பாலைவனம். காரணம் சோம்பேறித்தனம். பூந்தோட்டம் என்றால் நூறு இதழ் போட வேண்டும். பாலைவனத்தில் என்ன இருக்கிறது? வளைவாக ரெண்டு கோடு, ஒரு சூரியன், ஒரு ஒட்டகம். ராஜஸ்தான் படம் போட்ட பழைய காலண்டர் ஒன்றைப் பார்த்துப் பென்சிலில் வரைந்து, ஒரே மஞ்சள் நூலால் நிரப்பினேன். முடித்துப் பார்த்தால், ஒட்டகம் மைசூர்பாகு மேல் நின்றுகொண்டிருந்தது!

பிறகுதான் பாடம் ஆரம்பித்தது. துணி மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக நிற்க வேண்டும். விரலால் தட்டினால் ‘டம்’ என்று சத்தம் வர வேண்டும். பிரெஞ்சில் இந்த வளையத்துக்குப் பெயரே ‘மேளம்’தான். எம்பிராய்டரி நூலில் ஆறு இழைகள் முறுக்கியிருக்கும். தூரத்து மணல்மேட்டுக்கு ஒற்றை இழை, பக்கத்து மேட்டுக்கு மூன்று இழை. தூரத்தில் வெளிர் நிறம், கிட்டத்தில் அழுத்தமான நிறம். சந்தன நிறத்தில் ஓரிழையும் காவியில் ஓரிழையும் ஒரே ஊசியில் கோத்துப் பாருங்கள், மணல் சட்டென்று மணலாகிவிடும்.

மணல்மேட்டுக்கு ரெண்டு முகம். காற்று வரும் பக்கம் மெல்ல ஏறும். மறுபக்கம் செங்குத்தாக இறங்கும். காய்ந்த மணல் சுமார் 34 டிகிரி சாய்வுக்கு மேல் நிற்காது, சரிந்துவிடும். ஆகவே ஏறும் பக்கம் நீளமான, தளர்ந்த தையல். இறங்கும் பக்கம் குட்டையான, நெருக்கமான தையல், கொஞ்சம் நிழல் நிறத்தில்.

இதையெல்லாம் காலண்டரைப் பார்த்துக் கற்க முடியுமா? நிஜ மணலைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, மீஞ்சூரில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் காட்டுப்பள்ளிப் பக்கம் போனேன். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே எண்ணூர் கழிமுகம், வடக்கே பழவேற்காடு ஏரி. நடுவே நீளமான மணல் திட்டு. அங்கங்கே ராவணன் மீசைப் புல்லும் அடம்பங்கொடியும் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. உட்கார்ந்து நிறங்களை எண்ணினேன். ஈர மணல், காய்ந்த மணல், நண்டு வளை ஓரத்து மணல், நிழல்... ஏழு நூல் தேவைப்பட்டது!

பக்கத்தில் ஒரு பெரியவர் வலை கிழிசலைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். ஊசி ஏறி இறங்கும் வேகத்தைப் பார்த்து எனக்கு வெட்கமாகிவிட்டது.

‘‘இன்னா தம்பி அது, சல்லடையா?’’ என்றார் என் வளையத்தைப் பார்த்து.

‘‘தையல் வேலைங்க ஐயா. பாலைவனம்.’’

வாங்கி, கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். என்னை விட்டு என் ஒட்டகத்தைச் சிரிக்கப் போகிறார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை.

‘‘இந்த மாதிரியே ஒரு மேடு எங்க பழைய குப்பத்தாண்ட இருந்துது தம்பி. சின்ன வயசுல அதும்மேல ஏறி நின்னுதான் அப்பா கட்டுமரம் வருதான்னு பாப்பேன். ஒட்டகம் மட்டும் கெடையாது. ரெண்டு பனை இருந்துது.’’

‘‘போட்டோ ஏதாவது இருக்குதுங்களா?’’

‘‘அப்ப எவன் தம்பி மணலப் போய் போட்டோ புடிச்சான்?’’

காட்டுப்பள்ளியில் பிறகு துறைமுகம் வந்தது. அந்தக் கட்டுமானத்துக்காகக் குப்பத்து மீனவக் குடும்பங்கள் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டன. பெரியவர் வீடும் அதில் ஒன்று. மணல் விவகாரம் அதோடு முடிவதில்லை. இந்தக் கரையோரம் அலை மணலைப் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். நடுவே கல் சுவர் நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். எனக்குத் தெரிந்த இந்தப் பாடத்தை அவர் ஒரே வார்த்தையில் சொன்னார்: ‘‘மணலு நடக்கும் தம்பி.’’

திரும்பும்போது ரயிலில் ஒன்று நினைவுக்கு வந்தது. கட்ச் வறண்ட பூமி. 1969-ல் அங்கே கடும் வறட்சி வந்தபோது சந்தாபென் ஷ்ராஃப் என்பவர் தொடங்கிய ‘ஸ்ருஜன்’ அமைப்பு, அந்தப் பெண்களின் எம்பிராய்டரியையே அவர்களுக்குச் சம்பாத்தியமாக்கியது. ஆனால் அந்தப் பெண்கள் தங்கள் துணியில் வெறும் மணலையா தைக்கிறார்கள்? மயில், பூ, கொடி, நடுவே மின்னும் கண்ணாடி! கண்ணெதிரே இல்லாததைத்தான் மனுஷர் துணியில் வரவழைக்கிறார். அப்படியானால் இந்தப் பெரியவருக்குத் தேவை ஒரு மணல்மேடு.

அன்று ராத்திரியே ஒட்டகத்தைப் பிரித்தேன். முன்பக்கம் இழுத்தால் துணி சுருங்கும். திருப்பிப் போட்டுப் பின்பக்கத் தையலைத் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும். மிச்சமிருந்த ஊசி ஓட்டைகளில் தண்ணீர் தொட்டு நகத்தால் நீவினால் நெசவு கூடிக்கொள்ளும். ஒட்டகம் நின்ற இடத்தில் ரெண்டு பனை எழும்பியது. மட்டைக்கு ஒரே புள்ளியிலிருந்து விசிறி மாதிரி நேர்த்தையல். அடம்பங்கொடிக்குக் காம்புத் தையல், அதன் ஊதாப் பூவுக்குப் பிரெஞ்சு முடிச்சு. ராவணன் மீசைக்கு மட்டும் விரலில் நாலு குத்து வாங்கினேன். மீசை இல்லையா, அப்படித்தான் இருக்கும்!

மூன்று வாரம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் கண்ணால் பார்த்ததைவிடக் கட்டைவிரலால் தடவியதே அதிகம்.

‘‘இந்தப் பக்கமா ஏறலாம். இந்தப் பக்கம் வயிக்கினு வுடும்... நெறைய வாட்டி வுழுந்துருக்கேன்’’ என்றார். முப்பத்து நாலு டிகிரி!

‘‘பனை ஒண்ணு சாஞ்சாப்ல இருக்கும், தம்பி. பரவால்ல வுடு.’’

காசு எவ்வளவு என்று கேட்டார். வேண்டாம் என்றேன். விடவில்லை. ஒரு பை நிறைய நண்டு கட்டிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஆபீஸில் அக்கா வைத்த நண்டுக் குழம்பை நடுவில் வைத்தேன். தலையணை உறை என்று கிண்டல் செய்தவர் மூன்றாவது காலைக் கடித்துக்கொண்டே கேட்டார்:

‘‘மாப்ளே, அந்தச் சாஞ்ச பனையைச் சரிபண்ணிக் கொடுக்க எப்பப் போறே? இந்தத் தடவை இறால் கிடைக்குமா, கேளேன்!’’