நின்றுபோன பீரியட்ஸ் மறுபடி வந்தால்… காத்திருக்காதீர்கள்!

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் பஸ் ஏறும் பெண்களில் பலர் 45 வயதைத் தாண்டியவர்கள். ஃபேன் ஓடும்போதே முகம் திடீரெனக் கொதிக்கும், வியர்த்துக் கொட்டும், ராத்திரி தூக்கம் வராது. கேட்டால், "உடம்பு சூடு, வேற ஒண்ணுமில்ல" என்பார்கள். அது மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்கும் காலத்தின் அறிகுறியாக இருக்கலாம்.

சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சுரப்பது குறைவதால் வரும் மாற்றம் இது, நோய் அல்ல. உலக அளவில் சராசரியாக 51 வயதில் வருவது, இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. 40 வயதுக்கு முன்பே நின்றுபோனால் டாக்டரைப் பார்ப்பது அவசியம்.

நின்றுவிட்டதா என்று எப்படித் தெரியும்? தொடர்ந்து 12 மாதம் பீரியட்ஸ் வராமல் இருக்க வேண்டும். கடைசியாக வந்த தேதியை உங்கள் போன் காலண்டரில் குறித்து வையுங்கள். இடைப்பட்ட காலத்தில் கருத்தரிக்கவும் வாய்ப்பு உண்டு.

முக்கியமான விஷயம் இதுதான். ஒரு வருஷம் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், "திரும்ப வந்துடுச்சு போல" என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாக இருக்கும். ஆனால் சிலருக்குக் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியே அதுதான். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். உடனே அரசு மருத்துவமனையின் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவுக்குப் போங்கள்.

ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பும் வலுவிழக்கும். கேழ்வரகு, முருங்கைக்கீரை, பால், நெத்திலி சாப்பிடுங்கள். தினமும் அரை மணி நேரம் நடங்கள். படபடப்பு, வியர்வை இரண்டும் தைராய்டு கோளாறாலும் வரும் என்பதால் டாக்டரிடம் கேட்டுப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தொந்தரவு அதிகமானால் அதற்கும் சிகிச்சை இருக்கிறது. நீங்களாக மெடிக்கலில் ஹார்மோன் மாத்திரை வாங்க வேண்டாம்.

யாரிடம் கேட்பது? 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கு வரும் பெண் தன்னார்வலரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் இலவசம். சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் செய்யலாம்.

வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: அம்மாவோ மனைவியோ எரிந்து விழுந்தால், "உனக்கு என்ன பண்ணுது?" என்று கேளுங்கள். டாக்டரிடம் கூடவே போங்கள்.