அரங்கேறாத ஒரு கதையும் கிளாஸ்கோ மாநாடும்

விஞ்ஞானக் கதைகளை இலக்கியமென ஏற்பதற்கு என் போன்ற பண்டிதர்களின் மனம் எளிதில் இணங்குவதில்லை. நன்னூலும் காரிகையும் பயின்று காவிய நயத்திலே காலங் கழித்தவனுக்கு, விண்கலமும் வேற்றுலக மாந்தரும் சிறுவர் விளையாட்டாகவே தோன்றும். யானும் நெடுங்காலம் அவ்வாறே கருதியிருந்தேன். அக்கருத்தினால் ஒரு மாணவனுக்கு யான் இழைத்த தீங்கைப் பின்னர்ச் சொல்வேன். அதற்கு முன், ஒரு கூட்டத்தின் வரலாற்றைச் சொல்லுதல் வேண்டும்.

இங்கிலாந்தின் வடபாலுள்ள லீட்ஸ் நகரிலே, 1937ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பிரமஞான சங்க மண்டபத்தில் ஏறக்குறைய இருபது பேர் கூடினர். அனைவரும் விஞ்ஞானக் கதைகளில் ஈடுபாடுடையோர். நாளும் இடமுங் குறித்து இக்கதைகளுக்கெனவே கூட்டிய முதல் மாநாடு இதுவே என்பர். அமெரிக்க அன்பர் சிலரோ, 1936இல் பிலடெல்பியாவில் தாங்கள் கூடியதே முதலென்று வழக்காடுவர். எது முந்தியது என்னும் வழக்கு நம்மவர்க்குப் புதிதன்று. நூல்களின் காலம் பற்றி நாம் ஆடாத வழக்கா!

அக்கூட்டத்தில் பத்தொன்பது வயது இளைஞரொருவர் இருந்தார். இலண்டனில் அரசாங்கக் கணக்காய்வுப் பகுதியில் எழுதுவினைஞராயிருந்தவர். பெயர் ஆதர் சி. கிளார்க். அன்று அவர் எழுத்தாளரல்லர்; எழுத்தாளராக விழைந்தவர். அம்மண்டபத்திலே விஞ்ஞானக் கதைச் சங்கமொன்று தோன்றிற்று. அச்சங்கத்தார் லீட்ஸிலிருந்து ஆர்வலர்க்கென ஒரு சிற்றேடு வெளியிட்டனர். அவ்வாண்டின் இறுதியில் கிளார்க்கின் சிறுகதையொன்று அதிலே வந்தது. அதற்குக் கூலியில்லை. கூலி பெற்ற அவருடைய முதற்கதைகள் அமெரிக்க ஏடொன்றில் அச்சேறியது 1946இல். இடையிலே ஒன்பது ஆண்டுகள்! எழுதுகின்றவன் ஒருவன் ஒன்பது ஆண்டுக் காலம் மனந் தளராதிருப்பதற்கு, அவன் எழுதுவதைப் படிக்கும் இருபது பேர் எங்கேனும் இருத்தல் வேண்டும் போலும்.

1939ஆம் ஆண்டு சூலையில் முதல் உலக மாநாடு நியூயோர்க்கில் நடந்தது. அதற்கு லொஸ் ஏஞ்சல்சிலிருந்து வந்தார் ரே பிராட்பரி என்னும் பதினெட்டு வயதினர். தெருமுனையில் நின்று பத்திரிகை விற்றவர். நண்பரொருவரிடம் கடன் பெற்று, பஸ் வண்டியிலே அமெரிக்காவைக் குறுக்கே கடந்து வந்தார். தம் கதைகளைக் காட்ட வந்தவரென்று நினைப்பீர்கள், அதுமட்டுமன்று. ஓவியம் வல்ல நண்பரொருவரின் படங்களையும் சுமந்துகொண்டு பத்திராதிபர்களின் வாயில்தோறும் சென்றார். நண்பரின் படங்கள் விலைபோயின. பிராட்பரியின் கதைக்குக் கூலி கிடைத்ததோ 1941இல். இவ்வரலாற்றைப் படித்தபோது எனக்கு அவ்விளைஞர்மீது மதிப்புண்டாயிற்று.

நமக்கும் அவையுண்டு. திருவள்ளுவர் அவையறிதலுக்கு ஓரதிகாரமும் அவையஞ்சாமைக்கு மற்றோரதிகாரமும் வகுத்தார். கம்பர் திருவரங்கத்தில் அரங்கேற்றப் பட்ட பாட்டை வழிவழியாகச் சொல்லி வருகின்றோம். ஆயின் நம் அரங்கேற்றத்திலே புலவர்கள் உயர்ந்த இடத்திலிருப்பர். புதியவன் குற்றவாளிபோல் நிற்பான். மேற்சொன்ன மாநாடுகளில் அத்தகைய மேடும் பள்ளமும் குறைவு. இன்று வாசகனாய் வந்திருப்பவன் நாளை எழுத்தாளனாய் வருவான். அன்றைக்கும் அதே வரிசையில் நின்றே தேநீர் வாங்குவான். இம்முறையால் தரங் குன்றாதா என்று கேட்கலாம். குன்றுவதுமுண்டு. அங்கே கொண்டாடப்பட்ட பல கதைகளை யான் பாதியில் மூடிவிட்டேன் என்பதையும் ஒளியாமற் கூறுகின்றேன்.

கிளார்க்கின் கதைக்கு மீள்வோம். 1956ஆம் ஆண்டு நியூயோர்க்கில் நடந்த பதினான்காவது உலக மாநாட்டிற் கௌரவ விருந்தினர் அவரே. அவருடைய சிறுகதையொன்றுக்கு ஹியூகோ விருதும் அங்கே கிடைத்தது. அதே ஆண்டிலேயே அவர் இலங்கையைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். அவருடைய தோழர் மைக் வில்சன் நம் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையடிக் கடலில் முழுகி, போர்த்துக்கேயர் 1620களில் இடித்த பழங்கோயிலின் கற்றூண்களைக் கண்டதும் அவ்வாண்டிலேதான். அச்செய்தியைக் கிளார்க் 1957இல் வெளியான தம் நூலில் எழுதினார். 2008ஆம் ஆண்டு கொழும்பில் மறையும்வரை இந்நாடே அவருக்கு வீடாயிருந்தது. நிலாவெளியிலிருந்து தெற்கே ஏறக்குறைய பத்து மைல் சென்றால் அக்கடல். அங்ஙனமிருந்தும் அவரை யான் வாசித்ததில்லை, மாணவர்க்குச் சொன்னதுமில்லை.

இனி என் குற்றம்.

2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நிலாவெளியை வாரிக்கொண்டு சென்றது. அடுத்த ஆண்டு பாடசாலை மீண்டும் கூடியபோது, ‘கடல்’ என்னும் தலைப்பில் மாணவரைக் கட்டுரை எழுதச் சொன்னேன். பதினைந்து வயது மாணவனொருவன் கட்டுரைக்குப் பதிலாகக் கதையொன்று எழுதித் தந்தான். புறாத்தீவிலே ஒரு பொறி இருக்கின்றது. அது கடலுக்குச் செவிகொடுத்துக் கேட்கின்றது. பேரலை புறப்பட்டதும் கரைக்குக் குரல் கொடுக்கின்றது. இதுவே கதை. இந்து சமுத்திரத்திற்கென அத்தகைய எச்சரிக்கை ஒழுங்கு அந்நாளில் இருக்கவில்லை. பின்னரே நாடுகள் கூடி அமைத்தன. அவனுடைய தமக்கையை அலை கொண்டுபோயிற்று என்பதை யான் அறிவேன். அறிந்திருந்தும், சிவப்பு மையினாலே பதினேழு புணர்ச்சிப் பிழைகளைச் சுழித்து, ‘மிகைக் கற்பனை, தலைப்புக்குப் புறம்பு’ என்றெழுதிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் ஒன்றுஞ் சொல்லவில்லை. அதன்பின் எனக்கு அவன் எதனையும் எழுதிக் காட்டவுமில்லை.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில் அவனிடமிருந்து தொலைபேசி வந்தது. பிரித்தானியாவிலே தொழில் புரிகின்றானாம். ஆங்கிலத்திலே அவனெழுதிய முதற்கதை ஒரு சிற்றேட்டில் வந்திருக்கின்றது. அம்மாதம் 8ஆம் நாள் முதல் 12ஆம் நாள்வரை கிளாஸ்கோவில் நடந்த எண்பத்திரண்டாவது உலக மாநாட்டுக்குச் சென்றிருக்கின்றான்.

“முதல் நாள் ஒருவரோடும் பேசவில்லை, ஐயா. ஆயிரக்கணக்கான சனம். எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்போல இருந்தார்கள். அறைக்குத் திரும்பிப் போய்விடுவோமா என்று நினைத்தேன்” என்றான்.

“பிறகு?”

“இரண்டாம் நாள் சாப்பாட்டு வரிசையில் ஒரு வயோதிப அம்மா என் பெயரட்டையைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டா. நிலாவெளி என்றேன், விளங்கவில்லை. திருக்கோணமலை என்றதும், ‘கிளார்க் எழுதிய கடலா?’ என்றா. இருந்து சாப்பிட்டோம். என் கதையைச் சொல்லச் சொன்னா.”

எந்தக் கதை என்று கேட்டேன். கேட்கும்போதே விடையை அறிந்திருந்தேன்.

“அதே கதைதான், ஐயா. புறாத்தீவுப் பொறி. முழுவதையுங் கேட்டுவிட்டு அந்த அம்மா ஒரேயொரு கேள்வி கேட்டா. ‘பொறி கூப்பிடும், ஊர்ச்சனம் நம்புமா?’ என்று. மூன்று நாளாய் அதையே யோசித்தேன். இப்போது கதையைத் திருப்பி எழுதுகிறேன்.”

இலக்கணமும் இலக்கியமும் முறையாகக் கற்றவன் யான். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அக்கொப்பி என் மேசைமீது கிடந்தபோது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. முன்பின் அறியாத ஓரம்மையார், சோற்றுத் தட்டைக் கையிலேந்திக்கொண்டு கேட்டிருக்கின்றார். பிழை திருத்துவது ஆசிரியன் கடமையே. அதனை யான் கைவிடுமாறில்லை. ஆயினும் கதையைக் கேட்டபின்னன்றோ பிழையைக் காட்டல் வேண்டும்?

தமிழ்நாட்டின் வேலூரிலே 1998இல் இந்திய விஞ்ஞானப் புனைகதை ஆய்வுச் சங்கம் தோன்றியதென அறிவேன். இங்கே அத்துணைப் பெரிய முயற்சிக்கு எமக்கு வலியில்லை. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையில், எங்களூரில் ஐந்தாறு பிள்ளைகள் கூடி எழுதியதை வாசிக்கின்றார்கள். மேசையும் மேடையும் வைக்கவில்லை. பாயில் வட்டமாக இருக்கின்றோம். சென்ற முறை பதினாறு வயதுப் பெண்ணொருத்தி, திருக்கோணமலைத் துறைமுகத்தின் அடியாழத்தில் நூறாண்டு உறங்கிய கப்பலொன்று தன் மாலுமிகளைத் தேடுவதாக எழுதி வாசித்தாள். மற்றப் பிள்ளைகள் அரைமணி நேரம் அவளைக் கேள்விகளால் துளைத்தெடுத்தார்கள். யானும் ஒன்று கேட்டேன்: “பிள்ளை, கப்பலுக்கு யார் பெயரெல்லாம் நினைவிருக்கின்றது?” அவள் அதனை எண்ணியிருக்கவில்லை.

புணர்ச்சிப் பிழைகள் மூன்றிருந்தன. தனித்தாளில் எழுதி, எல்லாரும் எழுந்து சென்றபின் அவளிடங் கொடுத்தேன்.